டீச்சர் புத்தகம் கையிருப்பில் இல்லை

திண்டிவனத்தில் உட்கார்ந்து புத்தகம் போட்டு விற்பதைவிட பெருமுக்கல் மலைமேல் தண்ணீர்ப் பந்தல் வைக்கலாம். நாலு பேராவது வாழ்த்துவார்கள். தொண்ணூற்று மூன்றிலிருந்து இந்தப் பேஜாரில் இருக்கிறேன். என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

படம் பிடித்தவர்

கடைக்கு வந்த ஒருத்தர் பிலோமினா டீச்சர் புத்தகத்தை நின்றபடியே இருபது பக்கம் படித்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போகும் பெண்களைப் பற்றி, ரிடையரான பிறகு டீச்சர் எழுதிய ஒரே புத்தகம். படித்துவிட்டு அட்டையைப் போனில் படம் பிடித்தார். பில் போடட்டுமா என்றேன்.

“வேணாங்க, ஆன்லைன்ல இன்னும் கம்மியா வரும். தப்பா நெனச்சிக்காதீங்க.”

போனில் வந்த மரியாதை

அந்த ஆன்லைன் கம்பெனிக்கும் புத்தகம் அனுப்புவது நான்தான், பாருங்கள். விலையில் அவர்களுக்குத் தரும் கழிவை இன்னும் ஏற்றிக் கொடு என்றார்கள். கொடுத்தால் எழுதினவருக்கு ஒன்றும் மிஞ்சாது, மாட்டேன் என்றேன். மறுநாளே என் புத்தகம் எல்லாவற்றுக்கும் ‘கையிருப்பில் இல்லை’ என்று போட்டுவிட்டார்கள். “அடப்பாவிகளா, இங்க கட்டுக்கட்டா கெடக்குதேய்யா!” என்று போனில் கத்தினேன். அந்தப் பக்கம் பேசியவர் குரலை உயர்த்தவே இல்லை.

“உங்ககிட்ட இருக்கலாம் சார். எங்க ஸ்கிரீன்ல இல்ல.”

பிரவுசிங் சென்டர்

மூன்று மாதம் வீம்பாக இருந்தேன். டீச்சரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. ‘ஆன்லைன்ல போட்டாச்சு, இனிமே உலகமே வாங்கும் டீச்சர்’ என்று அளந்தவன் நான். எந்த மூஞ்சியோடு போய்ச் சொல்வது? டீச்சர் ஊரான விழுப்புரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் நண்பர் ஒருநாள் சொன்னார்:

“சர்ச்சுல பூசை முடிஞ்சதும் வாராவாரம் டீச்சரம்மா வர்றாங்க. ஆன்லைன்ல அவங்க புக்கு பக்கத்தைத் தொறக்கச் சொல்லி பாத்துக்கினே இருக்காங்க. அப்புறம் எழுந்து போயிடறாங்க.”

மகள்

அப்போதாவது ஓடியிருக்க வேண்டும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த வாரமே டீச்சருக்கு நெஞ்சுவலி வந்து, போய்விட்டார். அடக்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த மகள், பழைய பிரதி ஒன்றாவது கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். பின்னறைக்குக் கூட்டிப்போனேன். மேற்கூரை வரைக்கும் அடுக்கியிருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இவ்ளோ இருக்கா அண்ணே? புக்கு நல்லால்லன்னு நீங்க நிறுத்திட்டீங்கன்னு அம்மா நெனச்சிக்கினு இருந்தாங்க. கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னு கேக்காமலே போயிட்டாங்க.”

நான் மூன்று மாதம் மல்லுக்கு நின்றது அந்தக் கம்பெனிக்கு உறைக்கவே இல்லைங்க. அடி விழுந்தது டீச்சருக்குத்தான்.