விரல் மரத்திருக்கும் வரை

வைதேஹிக்குக் கர்ப்பத்தில் ஏழாம் மாதம் பிறந்ததும் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் யாருடையதோ போலக் கிடக்கும். டெல்லி மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டப் போனால் சாக்பீஸ் நழுவிவிடும். "மிஸ், ஃபிர் கிர் கயா!" என்று, மறுபடி விழுந்துவிட்டதை இந்தியில் சொல்லிப் பிள்ளைகள் கூச்சல் போடும். அவளும் கூடச் சிரிப்பாள்.

வேறு யாராக இருந்தாலும் புலம்பித் தீர்த்திருப்பார்கள். வைதேஹிக்கோ உள்ளூர ஒரு நிம்மதி. ஏன் என்று சொன்னால் பைத்தியம் என்பீர்கள். சொல்லத்தான் வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் பிள்ளைக்கும் இப்படித்தான் மரத்தது. எட்டாம் மாதத்தில் ஒரு நாள் வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. பெண் குழந்தை. முகத்தை ஒரே ஒரு தடவைதான் காட்டினார்கள். வீடு திரும்பிய நாலாம் நாள், ரவிக்கைக் கொக்கியை மாட்டும்போது பார்க்கிறாள், விரல்கள் சரியாகிவிட்டன. அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். விரல் மரத்திருக்கும் வரைதான் பிள்ளை என்று அன்றிலிருந்து மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். கர்ப்பத்தில் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், மணிக்கட்டுக்குள் போகிற நரம்பு நசுங்கும், அதற்குக் கார்ப்பல் டனல் என்று பேர். பிரசவத்துக்கு அப்புறம் பெரும்பாலும் தானாகவே போய்விடும். தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டிக்கொண்டால் போதும். முதல் குழந்தை போனதற்கும் இதற்கும் துளிக்கூடச் சம்பந்தம் இல்லை என்றார். வைதேஹி "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டு வந்து, பட்டையை பீரோவில் புடவைகளுக்கு அடியில் செருகிவிட்டாள்.

கணவன் ஸ்ரீதருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நல்ல மனுஷன், அதுதான் வம்பு. எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் தூக்கத்தில் வலியில் முனகுவதைப் பார்த்து அவனுக்கு மனசு கேட்கவில்லை. பட்டையைத் தேடி எடுத்து, அவள் விழித்துவிடாமல் மெல்லக் கட்டிவிட்டான்.

அவள் கண் விழித்தபோது விரல்கள் மரத்திருக்கவில்லை. வயிற்றிலும் அசைவில்லை.

"ஐயோ! ஸ்ரீதர்! போயிடுத்து! இதுவும் போயிடுத்து!"

"என்ன போயிடுத்து? கை சரியாயிடுத்தோன்னோ? நான்தான் பட்டையைக் கட்டினேன், நீ அசந்து தூங்கிண்டிருந்தே..."

"பாவி! யார் உன்னைக் கட்டச் சொன்னா? கை மரத்திருந்தாத்தானே அது உசிரோட இருக்கும்!"

அவனுக்கு அப்போதுதான் விஷயமே புரிந்தது. அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். ஆட்டோவில் ஏறியதிலிருந்து "பையா, ஜல்தி" என்று டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயிற்றின் மேல் கருவியை வைத்து அங்கும் இங்கும் நகர்த்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. வைதேஹி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் இடது பக்கம், கொஞ்சம் கீழே, டபடபவென்று இதயத் துடிப்பைப் பிடித்துக்கொண்டது. ஸ்ரீதர் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

மானசா பிறந்து இப்போது ஐந்து மாதம் ஆகிறது. கொழுகொழுவென்று இருக்கிறாள், அப்பாவைக் கண்டால் ஒரே சிரிப்பு. வைதேஹியின் கையும் சரியாகி இரண்டு மாதம் ஆகிறது. அந்த இரண்டு மாதமாகத்தான் அவளால் நிம்மதியாகக் கண்ணசர முடியவில்லை. குழந்தை தூங்கினால் போதும், விரல்களை அதன் மூக்கருகே கொண்டுபோய் மூச்சு சுடுகிறதா என்று பார்க்கிறாள். சுடுகிறது. இருந்தாலும் இன்னொரு தடவை பார்க்கிறாள்.