தமிழ்த் தட்டு

மஹய்யாவையிலிருந்து பஸ் ஏறிப் போய், பதினெட்டு வருடமாக ஒரு பல்கலைக்கழகப் பீட அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்க்கிறேன். அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், நியமனக் கடிதத்தில் இல்லாத ஒரு வேலையும் எனக்குண்டு. தமிழில் எந்தக் கடிதம் வந்தாலும், திகதி முத்திரை குத்தி என் மேசைமேல் இருக்கும் தட்டில் போட்டுவிடுவார்கள். நாட்டில் மொழிச் சட்டமெல்லாம் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் அது ஒரு பிளாஸ்டிக் தட்டு, அவ்வளவுதான். ஆரம்பத்தில் எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வருடம் டெங்கு வந்து ஒன்பது நாள் லீவில் படுத்துவிட்டேன். திரும்பி வந்தபோது தட்டு நிரம்பியிருந்தது. முத்திரை குத்திப் போட்டதோடு சரி, யாரும் ஒன்றையும் எடுத்துப் பார்க்கவில்லை.

அதில் ஒன்று ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை எழுதியது. மூன்று தடவைக்கு மேல் எழுத முடியாத உயர்தரப் பரீட்சையை மூன்றாவது தடவை எழுதி, எங்கள் பீடத்தில் இடம் கிடைத்தவள். அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதால் பதிவுக்கு ஒரு வாரம் தவணை கேட்டிருந்தாள். நம்பிக்கைக்கு, பெறுபேற்றுச் சான்றிதழின் மூலப் பிரதியையே இணைத்திருந்தாள். முத்திரையைப் பார்த்தேன். கடைசித் திகதிக்கு ஐந்து நாள் முன்பே வந்து சேர்ந்திருக்கிறது. நான் பார்க்கும்போது அந்தத் திகதி தாண்டி மூன்று நாள். அவளுடைய இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது.

கடிதத்தோடு உதவிப் பதிவாளரிடம் ஓடினேன். அவர் சிங்களத்தில், மிக அமைதியாகச் சொன்னார்: "விசாரணை வைத்தால் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள், மிஸ். தட்டு உங்களுடையதுதானே? கடிதம் பிந்திக் கிடைத்தது என்று பதில் போடுங்கள். தமிழிலேயே போடுங்கள், அதுதான் முறை."

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என் மேசைக்குத் திரும்பினேன். இரண்டு பிள்ளைகள், இன்னும் பன்னிரண்டு வருடச் சேவை என்று மனதுக்குள் சாக்குச் சொல்லிக்கொண்டேன். 'தங்கள் கடிதம் உரிய காலத்தில் கிடைக்கப்பெறாமையால்' என்று தொடங்கி, பிழையில்லாமல் அடித்து அனுப்பினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுறுசுறுப்பாக வேறெந்தப் பதிலும் போனதில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளை சான்றிதழைத் திரும்ப வாங்க வந்தாள். மெலிந்த பிள்ளை. உட்காரச் சொல்லியும் கதிரையில் உட்காரவில்லை.

"நீங்கதானே அக்கா பதில் போட்டீங்க? எங்க வீட்டுக்கு ஆபீஸ்ல இருந்து தமிழ்ல வந்த மொத கடிதம் இதுதான். அம்மாவே வாசிச்சாங்க. நான்தான் இன்னும் முந்தி அனுப்பியிருக்கணும். என் பிழைதான்."

சான்றிதழை நீட்டினேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னேன். கடிதக் கோவையை அவள் பக்கம் திருப்பி, எந்த இடத்தில் என்று விரலால் காட்டினேன். அதற்கு அடுத்த தாளில், வந்து சேர்ந்த திகதி முத்திரையோடு, அவளுடைய கடிதம் இருந்தது. நன்றி சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.