கந்தப்பன் சம்மதம் சொன்ன விதம்

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் கந்தப்பன் காயத்துக்கு மருந்து கட்டும் வேலைக்குச் சேர்ந்தவர். செய்த வேலை வேறு: சிங்கள டாக்டருக்கும் தமிழ் நோயாளிக்கும் நடுவே நிற்பது.

"இந்தக் கழுதைக்கு மருந்து குடிக்கத் தெரியாதா?" என்று டாக்டர் சிங்களத்தில் சீறுவார். கந்தப்பன் நோயாளி பக்கம் தலையைத் திருப்பி, "ஐயா ரொம்ப வருத்தப்படுறாரு, மருந்த மறக்காம குடிப்பீங்களாம்" என்பார். அந்த டாக்டருக்குத் தோட்டத்தில் தங்கமான மனுசன் என்று பெயர்.

எழுபத்தொன்பதாம் வருசம் கந்தப்பனுக்குப் பக்கவாதம் வந்தது. கை மீண்டது, தமிழ் மீளவில்லை. பிறந்த வீட்டு மொழி போய், பிழைப்புக்குப் படித்த சிங்களம் நின்றுவிட்டது. தமிழில் கேட்டால் புரியும். பதில் சிங்களத்தில்தான் வரும். மனைவி காளியாயிக்குத் தெரிந்த சிங்களம் பாண்காரரிடம் ரொட்டி வாங்க மட்டுமே காணும்.

"இத்தன வருசம் குடும்பம் நடத்திட்டு, இப்ப யாரோ மாதிரி பேசுறாரே!" என்று அழுதாள்.

"சிலருக்கு இப்படி ஆகும், ஏனென்று எங்களுக்கும் தெரியாது" என்றார் கண்டி டாக்டர். டாக்டர்கள் இப்படி ஒப்புக்கொள்வது அபூர்வம்.

இந்நிலையில் மகள் நாகலெட்சுமிக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சின்னராசா, இறம்பொடைக்காரன், ஹட்டனில் புடவைக் கடையில் வேலை. வெற்றிலைத் தட்டு மாற்றும்போது பெண்ணின் தகப்பன் வாய்திறந்து சம்மதம் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் செல்லசாமி விடவில்லை.

"தலையாட்டினா போதாதுங்க. பெத்தவரு வாயால, எங்களுக்கு வெளங்குறாப்புல வரணும். இல்லாட்டி தட்டத் தூக்கிட்டுப் போறோம்."

நாகலெட்சுமி தகப்பனையே பார்த்தாள். கந்தப்பன் வாயைத் திறந்தார். வந்தது சிங்களம்: "பெண்ணைத் தருகிறேன். இந்தப் பயல் குடித்துவிட்டு இவள்மேல் கை வைத்தால் காலை உடைப்பேன்."

விருந்துக்கு வந்திருந்த சிங்களப் பாண்காரர் குணபால, காதை நம்பாமல், அதையே சிங்களத்தில் வார்த்தை பிசகாமல் திருப்பிக் கேட்டார். சிங்களம் அடுத்தவர் வாயிலிருந்து வந்ததும் கந்தப்பனின் தலை, ஆஸ்பத்திரியில் போலவே, செல்லசாமி பக்கம் திரும்பியது. சுத்தமான தமிழ் வந்தது:

"ஐயா சந்தோசமா பொண்ணக் குடுக்குறாராம். கண் கலங்காம பாத்துக்குவீங்களாம்."

"எந்த ஐயாங்க?" என்றார் செல்லசாமி.

"எந்த ஐயாவா இருந்தா என்ன, வாய் அவரு வாய்தானே! மாத்துங்கய்யா தட்ட!" என்று காளியாயி அழுதுகொண்டே கத்தினாள்.

தட்டு மாறியது. எல்லாரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையைத் தவிர. ஹட்டன் கடையில் சிங்களம் தெரியாமல் காலந்தள்ள முடியாது. சின்னராசா பாயில் நீட்டியிருந்த காலை மெதுவாக மடக்கிக்கொண்டான்.