மறைப்புக்கு மேலே கூரை இல்லை

திருச்சுழி பக்கம் எங்கள் கிராமம். பட்டப்பகலில் இரண்டு ஆடுகள் களவு போனதால், அருப்புக்கோட்டையிலிருந்து ஆள் வரவழைத்து, வாசல் கம்பத்து விளக்கின் கூண்டுக்குள் கேமராவை ஒளித்து வைத்தோம். திருடன் காதுக்குப் போய்விடும் என்று அக்கம்பக்கத்தில்கூடச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து என் செல்போனில் படம் நின்றுவிட்டது. மாட்டியவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இங்க நல்லாத்தான தெரியுது அக்கா. எதுத்த வீட்டு அக்கா சேலை காயப்போடுறாக" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. மாட்டும்போது சோதித்துப் பார்க்கத் தன் போனிலும் கேமராவை இணைத்தவர், பிறகு அதை நீக்கவே இல்லை. எதிர்வீட்டு முத்துலட்சுமி குளிப்பது, நான்கு கம்பு நட்டுப் பழைய சேலை சுற்றிய மறைப்புக்குள். தெருவில் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மேலே கூரை கிடையாது; கம்பத்து உயரத்திலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும்.

என் போனை அணைத்துப் போட்டதும் படம் வந்தது. பழைய பதிவைத் திறந்தேன். முதல் நாளிலேயே அவள் குளிப்பது இருந்தது. கேமரா சுவிட்சை அணைத்துவிட்டு நேரே போய் அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"எத்தனை நாளா மதினி?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஆளை வரவழைத்து, அவர் போனில் இருந்த எல்லாவற்றையும் கண்ணெதிரே அழிக்க வைத்தோம். வேறெங்கும் சேர்த்து வைத்திருக்கிறாரா என்பது இன்றும் தெரியாது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். கேமரா இப்போது ஆட்டுக்கொட்டகைக்குள், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது.

முத்துலட்சுமி மறைப்புக்கு மேல் தகரம் போட்டுவிட்டாள். விளக்குக் கூண்டையும் திறந்து, காலி என்று காட்டினேன். ஆனாலும் குளிக்கப் போகும்முன் அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.