சாவித் தலையில் ஒரு கீறல்

என் வீட்டுக்காரரின் கடைக்குள் ஓர் ஆள் உட்காரலாம், திரும்ப முடியாது. வெளியே வர வேண்டுமென்றால் முன்பலகையைத் தூக்கிவிட்டுக் குனிந்து வர வேண்டும். அந்தத் தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து முப்பது வருஷமாகச் சாவி வெட்டுகிறார். ஊரில் அவருக்கு ‘ஊமைச்சாவி’ என்று பட்டப்பெயர். பத்துக் கேள்வி கேட்டால் ஒரு ‘ம்’ வரும். அதையும் நான்தான் பிடுங்க வேண்டும்.

வாய்தான் அப்படி. கைக்குக் கர்வம் உண்டு. பல் வெட்டி முடித்ததும் முக்கோண அரத்தை எடுத்து, சாவித் தலையில் ஒரு சின்னக் கீறல் போடுவார். எவனாவது வேறு கடைச் சாவியோடு சண்டைக்கு வந்தால், கீறல் இல்லையென்று பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

என் அண்ணன் இதற்கு நேரெதிர். மெத்தைக் கடை முதலாளி. வந்தவனைப் படுக்கவைத்துத் தாலாட்டாத குறையாகப் பேசி விற்றுவிடுவான். நாங்கள் குடியிருப்பது அவன் கடை மாடியில். படி கடைக்குள்தான் இறங்கும். காய் வாங்கப் போனாலும் அவன் முகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். எதிரே இன்னொரு மெத்தைக் கடை திறந்ததிலிருந்து அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தபோது, அண்ணன் சோப்புக் கட்டியில் பதித்த சாவி அச்சோடு வந்து நின்றான்.

“கிடங்குச் சாவி மாப்ள. ஒண்ணு வெட்டிக் குடுங்க.”

“பூட்டைக் கொண்டாங்க மச்சான். சோப்பு அச்சுல வெட்டுறதில்ல.”

நான் சும்மா இருந்திருக்கலாம். எங்கே! “என் அண்ணனையே நம்பலைன்னா அப்புறம் யாரைத்தான் நம்புவீங்க?” என்று எகிறினேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு வெட்டிக் கொடுத்தார்.

அந்த வாரம் விடுமுறை நாளில் எதிர்க்கடைக்குள் யாரோ புகுந்து அறுபது மெத்தையையும் கத்தியால் கிழித்துப் போட்டிருந்தார்கள். பூட்டு உடையவில்லை. முதலாளியைத் தவிர, சாவி இருந்தது காவலாளியிடம் மட்டும்தான். அந்த மனுஷனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

அண்ணன் மாடிக்கு வந்தான். “அந்தச் சோப்பு விஷயம் நம்ம மூணு பேரோட இருக்கட்டும்” என்றான். அது கிடங்குச் சாவி இல்லையென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் இறங்கிப் போனதும், “வாயைத் திறந்தீங்கன்னா நீங்களும் உள்ள போவீங்க, நான் தெருவுல நிப்பேன்” என்றேன் இவரிடம். “ம்” என்றார்.

மறுநாள் காவலாளியின் மனைவி கடைக்கு வந்தாள். “வீட்டுச் சாவியும் போலீஸ் எடுத்துட்டுப் போன கொத்துலதாண்ணே இருக்கு. ரெண்டு நாளா பக்கத்து வீட்டுல ஒண்டிக்கிட்டு இருக்கேன்.” இவர் அவளோடு போய்ப் பூட்டைத் திறந்து, புதுச் சாவி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தவர் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கும் ஒரு வாய் இறங்கவில்லை. பாவி, அந்த ஒரு வார்த்தையை நான் ஏன் பேசினேன்?

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நானும் நின்றிருந்தேன். எதிர்க்கடைப் பின்புறச் சாக்கடையில் கிடைத்ததாம், வளைந்துபோன ஒரு சாவி. அதன் தலையில் கீறல் பளிச்சென்று தெரிந்தது.

“காவலாளிதான் நகல் எடுத்து எவனுக்கோ குடுத்திருக்கான். இது யார் கை வேலை?”

“தெரியலைங்க” என்றார் இவர். எனக்கு மூச்சு வந்தது.

“சரி, விடுங்க. பூட்டுல போட்டுப் பாக்கணும், இது வளைஞ்சு கிடக்கு. இதே மாதிரி ஒண்ணு வெட்டுங்க.”

இவர் வெட்டினார். பல் பல்லாக அராவினார், ஊதினார், விரலால் தடவினார். பிறகு, ஐயோ, கை தானாகப் போய் முக்கோண அரத்தை எடுத்தது. ஒரே இழுப்பு. கீறல் விழுந்துவிட்டது.

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. இன்ஸ்பெக்டர் போனில் பேசிக்கொண்டிருந்தார். ‘தேய்ச்சிடுங்க, தேய்ச்சிடுங்க’ என்று நான் கையால் காட்டினேன். இரண்டு இழுப்பில் அழித்துவிடலாம். அவர் கீறலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அரத்தைக் கீழே வைத்தார்.

“சார், ரெண்டு சாவியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க” என்றார். “அதுவும் என் கைதான். வெட்டச் சொன்னது காவலாளி இல்ல.”

முன்பலகையைத் தூக்கி, குனிந்து வெளியே வந்தார். கடைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு இன்ஸ்பெக்டரோடு ஜீப்பில் ஏறினார். நான் கடையைப் பூட்டினேன். வீட்டுக்குப் போக எனக்கு வேறு வழி ஏது? அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தான்.

“என்னம்மா, மாப்ள ஜீப்புல போறாரு? ஏதாவது பூட்டுத் திறக்கவா?”

“இல்லண்ணே” என்றேன். “உன் சாவி கிடைச்சிருச்சு.”