சாவித் துவாரத்தில் சந்தனம்

போன வாரம் டொரொன்டோவிலிருந்து போன். என் தங்கை மகள் வசந்தி. கைக்குழந்தைக்காரி ஐ.எஸ்.டி.யில் என்ன பேசுவாள்? பல் முளைத்தது, தவழ்கிறது... இவள் எடுத்த எடுப்பிலேயே கார் கதவைப் பற்றிப் புலம்பினாள்.

"பெரியம்மா, பனியில கார் பூட்டு அப்படியே உறைஞ்சு போயிடுத்து. சாவி உள்ளேயே போகமாட்டேங்கறது. இவர் வெளியில நின்னுண்டு சாவியை லைட்டர்ல காட்டிச் சூடு பண்ணிண்டிருக்கார்!"

குளிர் ஆரம்பிக்கும் முன்பே பூட்டுக்குள் எண்ணெய் விட்டு வைக்க வேண்டுமாம். காரைக் கழுவினால் ஈரம் போகத் துடைக்க வேண்டுமாம். அவளுக்கு இது முதல் குளிர்காலம். தெரியவில்லை. "நம்மாத்து ஆயுத பூஜை ஞாபகம் வந்துடுத்து" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் எங்கள் இரண்டு பேருக்குமே அழுகைதான் வந்தது.

மயிலாப்பூரில் பூட்டு எங்கே உறையும் என்கிறீர்களா? அதற்குப் பனி வேண்டியதில்லை. சந்தனம் போதும்!

போன வருஷம் அங்கே குளிர் ஆரம்பிக்கும் முன்பே பிரசவத்துக்கு இங்கே வந்துவிட்டாள் வசந்தி. குழந்தைக்கு விசா இழுத்தடித்து, ஒரு வழியாக டிக்கெட் கிடைத்தது விஜயதசமி மத்தியானத்துக்கு. பம்பாய் போய் அங்கிருந்து டொரொன்டோ. அவள் புருஷன் குழந்தையை போட்டோவில் பார்த்ததோடு சரி.

கிளம்புகிற நாளில் நட்சத்திரம் சரியில்லை என்றார் என் வீட்டுக்காரர். அதனால் என்ன? பரஸ்தானம் வைத்தால் ஆயிற்று. அதாவது, முந்தின நாளே நல்ல வேளை பார்த்து ஏதாவது ஒரு சாமானை வீட்டை விட்டு வெளியேற்றிவிடுவது. பயணம் அப்போதே ஆரம்பித்துவிட்டதாகக் கணக்கு. எந்தச் சாமானை வைத்தார் தெரியுமா? பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் இருந்த கைப்பையை! எங்கள் பழைய ஃபியட்டின் பின் சீட்டில் வைத்து, கண்ணாடியை ஏற்றிப் பூட்டினார்.

அன்றைக்குத்தான் ஆயுத பூஜை. பூட்டின காருக்குப் பூஜை நடந்தது. என் வீட்டுக்காரர் எதிலும் தாராளம். கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து, இரண்டு கதவுப் பூட்டுகளிலும் டிக்கிப் பூட்டிலும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அப்பினார். மேலே குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை சாவி உள்ளே போகவில்லை.

ராத்திரி முழுக்கக் காய்ந்து சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது சந்தனம். அவர் குத்தினார். நான் குத்தினேன். மழை வேறு பிடித்துக்கொண்டது. டாக்ஸிக்குச் சொல்லலாம்... ஆனால் பாஸ்போர்ட் இல்லாமல் டாக்ஸியில் போய் என்ன செய்வது? கண்ணாடிக்குள்ளே கைப்பை தெரிகிறது. கை எட்டவில்லை.

வசந்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஃப்ளைட் போயிடுத்துன்னா அவர்கிட்ட என்ன சொல்லுவேன் பெரியம்மா? ஏர்போர்ட்டுக்கு வந்து நிப்பாரே..."

அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் விடுவிடுவென்று உள்ளே போய் அம்மிக் குழவியோடு வந்தார். மனைவியைவிட அந்தக் காரை அருமையாக வைத்திருந்தவர்! "உடைச்சுடறேன். வண்டி என்ன பெரிய வண்டி" என்று கையை ஓங்கினார். 

"சார்! சார்! விஜயதசமியும் அதுவுமா கண்ணாடிய ஒடைக்கிறே? எறக்கு கையை!"

கீழ் போர்ஷன் தனம். பிளவுஸ் தைக்கிறவள். எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒரு வருஷத்துக்கு மேல். காரணம்? தண்ணீர் மோட்டார். அதற்குமேல் கேட்காதீர்கள். படியில் எதிரே வந்தால் அவள் கோபுரத்தைப் பார்ப்பாள், நான் குளத்தைப் பார்ப்பேன்.

அவள் நேரே என்னிடம் வந்தாள். "இன்னாமே, காலைலேர்ந்து குத்திக்கினு கீறீங்க? காஞ்ச சந்தனம் ஊறுனாத்தானே வரும்? போ, வெந்நி கொண்டா. கொயந்த பாலாடையும் எடுத்தா."

எடுத்து வந்தேன். குழந்தைக்குப் பால் புகட்டுகிற அந்த வெள்ளிப் பாலாடையின் மூக்கைச் சாவித் துவாரத்தில் வைத்து, சொட்டுச் சொட்டாக வெந்நீர் ஊற்றினாள் தனம். நான் குடை பிடித்தேன். மஞ்சளாய்ச் சந்தனத் தண்ணீர் கதவில் வழிந்தது. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் கொடுத்தாள் வசந்தி. தனம் சுரண்டச் சுரண்டத் துண்டு துண்டாக வந்தது.

சாவி உள்ளே போனது. ஆனால் திரும்பவில்லை.

தனம் ஒரு நிமிஷம் நின்றாள். தையல் மிஷினுக்குப் பூஜை போட்டால் மறுநாள் சாயங்காலம் விளக்கேற்றும்வரை ஒரு ஊசியைக்கூடத் தொடமாட்டாள் அவள். தெருவுக்கே தெரியும். கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். பூவும் பொட்டுமாக இருந்த மிஷின் எண்ணெய் டப்பாவை எடுத்து வந்து பூட்டுக்குள் நாலு சொட்டு விட்டாள். "திருப்பு சார்."

க்ளிக். அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அடையாறில் டிராஃபிக், கிண்டியில் மழைத் தண்ணீர்... எப்படியோ மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். கவுன்ட்டரை மூடுகிற நேரத்தில் வசந்தி உள்ளே ஓடினாள். இரண்டு நாள் கழித்து போன் வந்தது. அப்பாவைப் பார்த்ததும் குழந்தை வீறிட்டு அழுததாம். அவரும் அழுதாராம்.

கனடாவில் பூட்டுக்கு எண்ணெய் விடுகிறார்கள். நமக்குப் புத்தி இருந்தால் சந்தனத்தைச் சாவித் துவாரத்தை விட்டுத் தள்ளி மேலே வைக்க வேண்டும். பொட்டு என்றால் நெற்றியில் வைப்போம்... கண்ணிலா வைப்போம்? ஆனால் அன்றைக்கு என் மனதில் நின்றது பூட்டு இல்லை. பேசாத ஒருத்தி, கூப்பிடாமலே வந்து மழையில் நின்றாளே, அதுதான். எனக்கு அந்த மனசு வந்திருக்குமா? சந்தேகம்தான்.

ஊர் போய்ச் சேர்ந்ததாக வசந்தி பேசிய அந்தப் போனை வைத்த கையோடு கீழே இறங்கினேன். தனம் பிளவுஸுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "கொயந்த அப்பன் கைக்குப் போய் சேந்துச்சா?" என்றாள் நிமிராமலே.

"சேர்ந்துடுத்து. உனக்கு எப்படி தேங்க்ஸ் சொல்றதுன்னே தெரியலை தனம்." 

மிஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தேங்க்ஸ்லாம் பேசாதவங்களுக்குத்தான்மே... நாமதான் பேசிக்கினு கீறமே!"