வன்னி மரம் வரைக்கும்

பாலைவன மணல் சுடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மார்கழி விடியலில் அது சிமெண்டுத் தரையைவிட ஜில்லென்று இருக்கும், வெறுங்காலோடு ஓடினால் முழங்கால்வரை குளிர் ஏறும். எழுபதுகளின் நடுவில், திருச்சி ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த அப்பா எங்களை, ஊழியர் குடும்பத்துக்குக் கிடைக்கும் இலவச "பாஸ்"ஸில், ராஜஸ்தானுக்குக் கூட்டிப்போனார். எனக்குப் பன்னிரண்டு வயது, வசந்தா அக்காவுக்குப் பதினெட்டு. நான்கு ரயில் மாறினோம். ஜன்னல் வழியே நான் எண்ணிய ஒட்டகங்கள் பதினேழு.

ஜெய்சால்மருக்கு முன்னால், பெயர்ப்பலகையைத் தவிர ஒன்றுமில்லாத ஒரு ஸ்டேஷனில், எதிர் வண்டிக்காக எங்கள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பள்ளி ஓட்டப்பந்தயங்களில் கோப்பைகள் வாங்கிய அக்கா, "டிரில் டீச்சர்" படிப்பில் சேரவேண்டும் என்று வழியெல்லாம் நச்சரித்துக்கொண்டே வந்தாள். அப்பா தொலைவில் நின்ற ஒற்றை வன்னி மரத்தைக் காட்டினார்.

"அதைத் தொட்டுட்டு தம்பிக்கு முன்னாடி வந்துடு. சேத்துவிடறேன்."

"சத்தியமா?"

"முதல்ல ஓடு, பார்ப்போம்!"

தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு பாய்ந்தாள். வேலியில்லை, தெருவில்லை, "பொம்பளப் புள்ள இப்படியா ஓடறது" என்று கேட்க ஆளில்லை. முதுகுக்குப் பின்னால் சூரியன் கிளம்ப, எங்கள் நிழல்கள் எங்களுக்கு முன்னே நீண்டு ஓடின. நான் முழு மூச்சாகத்தான் ஓடினேன்; ஆனால் மரத்தைத் தொட்டுத் திரும்பியவள் எதிரே வந்து, சிரித்தபடி என்னைத் தாண்டிப் போனாள். தோற்றதில் அத்தனை சந்தோஷம் எனக்கு அதன்பிறகு வந்ததே இல்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மூச்சிரைக்கக் கேட்டாள்: "சேத்துவிடுவீங்கல்லப்பா?"

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாதான் சொன்னாள்: "ஏங்க, இன்னும் எதுக்கு மறைக்கணும்? தை மாசம் உனக்குக் கல்யாணம்டி, பேசி முடிச்சாச்சு. அப்புறம் அப்பா பாஸ்ல உன் பேரு வராது. இருக்கறப்பவே நாலு ஊரைக் காட்டிடலாம்னுதான் கிளம்பினோம்."

அதை ஒரு சலுகையாகத்தான் நினைத்தார்கள். எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அக்கா பாதத்து மணலைத் தட்டிவிட்டு வண்டியேறினாள். அதற்குப் பிறகு நான் ஒட்டகங்களை எண்ணவில்லை.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. நானும் ரயில்வேயில் ஓய்வு பெற்றவன்தான். எனக்கு வரும் பாஸிலும் அக்காவுக்கு இடமில்லை. போன கோடையில், திருச்சி கே.கே. நகரில் மகன் வீட்டில் இருப்பவளை ஸ்ரீரங்கத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். நெரிசலில் பஸ் காவிரிப் பாலத்தின் மேலேயே நின்றுவிட்டது. கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, கரைக்குக் கரை வெறும் மணல். முழங்காலைத் தடவிக்கொண்டே வெகுநேரம் பார்த்திருந்தவள் சொன்னாள்:

"என்னை இங்கேயே ஓடவிட்டிருக்கலாம்டா. அதுக்கு எதுக்கு நாலு ரயில் மாறினோம்?"